1453-ல துருக்கிக்காரன் வழிய அடைச்சதாலதான் வெள்ளைக்காரன் இங்க வந்தானா?

ஈவினிங்_காலேஜ்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். பி.ஏ. ஹிஸ்டரி செகண்ட் இயர் படிக்கிறேன், பகல்ல தி.நகர்ல ஒரு கடைல பில்லிங், சாயங்காலம் காலேஜ், லைப்ரரிக்குப் போகணும்னா ஞாயித்துக்கிழமைய விட்டா நாதி இல்ல. அசைன்மென்ட் குடுத்திருக்காங்க, ஐரோப்பியர்கள் கடல்வழி தேடிப் போனதுக்குக் காரணம் என்ன, அதோட விளைவு என்ன, பத்து பக்கம். கைடுல இருக்கறது 1453-ல கான்ஸ்டான்டிநோபிள் துருக்கிகிட்ட விழுந்துச்சு, மிளகு வர்ற வழி அடைபட்டுச்சு, அதனால புது வழி தேடினாங்க, அப்புறம் மதம், தங்கம், புகழ்னு மூணு பாயின்ட், அவ்ளோதான். அத அப்படியே எழுதினா க்ளாஸ்ல மீதி எல்லாரும் எழுதறதையே நானும் எழுதின மாதிரி ஆயிடும்.

நிஜமாவே சிலது புரியல. வழிய அடைச்சது 1453, வாஸ்கோடகாமா வந்தது 1498. நடுவுல 45 வருஷம் அவங்க மிளகே இல்லாமயா சாப்ட்டாங்க? அப்புறம் நம்ம ராஜேந்திர சோழன் கடாரம் வரைக்கும் கப்பல் படை அனுப்பினவன், அப்ப நாம ஏன் லிஸ்பனுக்குப் போகல, அவங்க ஏன் இங்க வந்தாங்க? க்ளாஸ்ல கேட்டேன், சார் சிரிச்சுட்டு சிலபஸ்ல இல்லன்னுட்டார். விளைவு பகுதில மெட்ராஸ சேர்க்க முடியுமான்னும் பாக்கறேன், ஊர்ல கண்ணால பாக்கறத வச்சு எழுதினா நல்லாருக்கும். தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, சும்மா லிங்க் போட்டுட்டு ஓடிடாதீங்க.


ரிட்டயர்டு_வாத்தியார்:

45 வருஷக் கணக்கு நீயே போட்டுட்டியேம்மா, அங்கயே அந்த கைடு பாயின்ட்டுக்கு பாதி உயிர் போச்சு. நம்ம பக்கத்து மிளகு ஐரோப்பாவுக்குப் போன பெரிய வழி கான்ஸ்டான்டிநோபிளே கிடையாது. செங்கடல் ஏறி எகிப்து, அங்கேர்ந்து அலெக்சாண்ட்ரியா, அங்க வெனிஸ்காரன் கப்பலோட காத்துட்டிருப்பான். எகிப்த ஆண்டவங்க மம்லூக் சுல்தான்கள். துருக்கிக்காரன் எகிப்த புடிச்சது 1517-லதான், அப்ப காமா வந்துட்டுப் போய் 19 வருஷம், கோவாவே போர்ச்சுகீசியன் கைல இருக்கு. அதுவும் போக வர்ற வியாபாரத்த நிறுத்தறதுல எந்த சுல்தானுக்கு என்ன லாபம், வரி போட்டு வாங்கத்தான பாப்பான். 1550, 60-கள்ல செங்கடல் வழி மிளகு மறுபடியும் நல்லா ஓடுச்சு, போர்ச்சுகீசியனால அத முழுசா நிறுத்தவே முடியல.

அதுக்காக 1453-ஐ தூக்கிப் போட்டுடாத. கருங்கடல் பக்கம் ஜெனோவாக்காரங்க வியாபாரம் அடிவாங்கினது உண்மை, அவங்க பணமும் மாலுமிகளும் மேற்கால ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் ஒதுங்கினதும் உண்மை, கொலம்பஸே ஜெனோவா ஆளுதான். ஆனா ஆரம்பம் அது இல்ல. 1415-ல போர்ச்சுகல் வட ஆப்பிரிக்கால சியூட்டாங்கற ஊர புடிச்சுது, சஹாரா பாலைவனத்தத் தாண்டி ஒட்டகத்துல தங்கம் வந்து சேர்ற பக்கம் அது. அந்தத் தங்கம் கிளம்பற எடத்துக்கே கடல் வழியா போயிட்டா நடுவுல இருக்கற ஆளுங்களுக்கு அழ வேண்டாமேன்னு கரையோரமாவே தெக்க இறங்க ஆரம்பிச்சாங்க. 1434-ல பொஹதோர் முனைய தாண்டினாங்க, 1444-ல ஆப்பிரிக்கர்கள புடிச்சுட்டு வந்து போர்ச்சுகல்ல இருக்கற லாகோஸ் துறைமுகத்துல நிறுத்தி வித்தாங்க, அதாவது உன் 1453-க்கு ஒம்பது வருஷம் முன்னாடியே அடிமை வியாபாரம் தொடங்கியாச்சு. 1482-ல மேற்கு ஆப்பிரிக்கால எல்மினாங்கற எடத்துல கோட்டை, 1488-ல டயஸ்ங்கற போர்ச்சுகீசிய மாலுமி ஆப்பிரிக்காவோட தெக்கு முனையச் சுத்திட்டார். இந்தியாங்கற கணக்கு நடுவுலதான் உள்ள நுழையுது. ஒரு பயணத்துல கிடைச்ச தங்கமும் அடிமையும் அடுத்த பயணத்துக்கு செலவு குடுத்துச்சு, எழுபது எண்பது வருஷம் இப்படித்தான் நகர்ந்தாங்க, யாரோ ஒருத்தன் ஒரு நாள் காலைல எழுந்து இந்தியா போலாம்னு கிளம்பல.

மதம்னு எழுதும்போது பொத்தாம்பொதுவா எழுதாத. ஸ்பெயின்ல முஸ்லிம் அரசோட நூத்துக்கணக்கான வருஷமா நடந்த சண்டை 1492 ஜனவரில கிரனாடா விழுந்ததோட முடியுது, அதே வருஷம்தான் கொலம்பஸ் கிளம்பறான். சண்டை போட்டுப் பழகின ஆளுங்க, நிலமும் பட்டமும் தேடற சின்ன பிரபுக்கள், அவங்களுக்கு வேல வேணும். காமாவோட ஆளு ஒருத்தன மொதல்ல கோழிக்கோட்டுல இறக்கி விட்டப்ப அங்க ஸ்பானிஷ் பேசத் தெரிஞ்ச துனிஸ்காரங்க ரெண்டு பேர் இருந்தாங்க, எந்தப் பேய்டா உன்ன இங்க கொண்டாந்து விட்டுச்சுங்கற மாதிரிதான் வரவேற்பே, என்ன தேடி வந்தீங்கன்னு கேட்டதுக்கு கிறிஸ்தவங்களையும் மசாலாவையும்னு பதில் சொன்னான். அந்த பயணத்துல கூட வந்தவன் எழுதி வச்ச குறிப்புல இருக்கு இது. உன் மூணு பாயின்ட்ல ரெண்டு அந்த ஒரு பதில்லயே வந்துடுது.

இன்னொண்ணு, இத கண்டிப்பா எழுது. கோழிக்கோட்ட ஆண்ட சாமூத்திரி ராஜாவுக்கு காமா கொண்டு வந்த பரிசு என்ன தெரியுமா, கொஞ்சம் துணி, தொப்பி, பவழ மாலை, கை கழுவற பேசின் ஆறு, சர்க்கரை, எண்ணெய், தேன். அரண்மனை ஆளுங்க பாத்துட்டு சிரிச்சுட்டாங்க, மெக்காலேர்ந்து வர்ற ஏழை வியாபாரி கூட இதவிட நல்லதா குடுப்பான்னு சொன்னாங்களாம். இங்க விக்க அவன்கிட்ட ஒண்ணும் இல்ல. இதுதான் அடுத்த முந்நூறு வருஷத்துக்கும் சாவி, பின்னாடி யாராவது வந்து இத விரிச்சு சொன்னா நல்லது, எனக்கு கண்ணு வலிக்குது.


கேள்விக்குறி:

சோழன் மேட்டர் சிம்பிள். கடல் தாண்டினா சாதி கெட்டுப் போயிடும்னு சாஸ்திரத்துல போட்டு நம்மாளுங்கள வீட்டுலயே உக்கார வச்சுட்டாங்க, அவன் வந்து ஏறி மேஞ்சுட்டான். இத எழுதினா மார்க் போட மாட்டாங்க, அது வேற விஷயம்.


மண்ணடி_பாய்:

அது எப்படி பிரதர், உக்காந்திருந்தா சுமத்ராவுல பாரூஸ் பக்கம் 1088-ல ஐநூற்றுவர் வணிகர் கூட்டத்தோட தமிழ் கல்வெட்டு எப்படி வந்துச்சு, சைனாவுல குவான்சோ ஊர்ல 1281-ல சிவன் கோயில் கட்டி தமிழ்ல கல்வெட்டு வச்சது யாரு? சாஸ்திரம் ஒரு பக்கம் கிடந்துச்சு, செட்டியாருங்க கப்பல் ஒரு பக்கம் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. எங்க மரைக்காயர் ஆளுங்கள கேக்கவே வேண்டாம், காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், இங்கேர்ந்து மலாக்கா போறது அப்ப பெரிய விஷயமே கிடையாது.

தங்கச்சி, நீ கேட்டதுல ஒரு சின்ன முடிச்சு இருக்கு. நாம ஏன் லிஸ்பன் போகலன்னா, போய் என்ன வாங்கறது? மிளகு இங்க, துணி இங்க, முத்து இங்க, கிராம்பு ஜாதிக்காய் கிழக்க, பட்டும் பீங்கானும் சைனால, குதிரை அரபு நாட்டுல. எல்லாமே ஒரே கடலுக்குள்ள சுத்திட்டிருக்கு. லிஸ்பன்ல இருந்தது உப்பும் ஒயினும் கருவாடும். தேவை இருக்கறவன்தான் தேடிப் போவான். சைனாக்காரனும் 1405-லேர்ந்து 1433 வரைக்கும் செங் ஹோவ பெரிய பெரிய கப்பலோட அனுப்பினான், கோழிக்கோட்டுக்கும் வந்தான், ஆப்பிரிக்கா வரைக்கும் போனான், அப்புறம் செலவு எதுக்குன்னு அரசாங்கமே நிறுத்திடுச்சு. ராஜேந்திரன் 1025-ல ஸ்ரீவிஜயம் மேல படையெடுத்ததும் மலாக்கா ஜலசந்தி வழியா போற வியாபாரத்துக்காகத்தான்னு சொல்றவங்க உண்டு, ஆனா அடிச்சுட்டு திரும்பி வந்துட்டான். நம்ம ராஜாக்களுக்கு வருமானம் நெல்லுலேர்ந்து வந்துச்சு, காவிரி ஓடற வரைக்கும் அவனுக்கு கடல் சைடு இன்கம்தான். போர்ச்சுகல் ராஜாவுக்கு மொத்த ஆட்டமே கடல்தான், மிளகு வியாபாரத்துல அவனே பெரிய பார்ட்னர்.

வித்தியாசம் எங்கன்னா, இங்க கடல்ல யாரும் யாருக்கும் பட்டா போட்டுக்கல. கள்ளன் இருப்பான், துறைமுகத்துல சுங்கம் கட்டணும், ஆனா நடுக்கடல் என்னுதுன்னு எவனும் சொன்னதில்ல. போர்ச்சுகீசியன்தான் பீரங்கி ஏத்தின கப்பலோட வந்து கர்த்தாஸ்னு ஒரு சீட்டு குடுக்க ஆரம்பிச்சான், அது இல்லாம போற கப்பல புடுங்கிப்பான். நம்ம சொந்த ரோட்டுல நம்ம வண்டிய நிறுத்தவே எவனோ வந்து மாமூல் கேட்ட கதை. 1502-ல காமா ரெண்டாவது தடவ வந்தப்ப மெக்கா போயிட்டு திரும்பின மீரிங்கற கப்பல மடக்கி, பொம்பளைங்க குழந்தைங்க உட்பட நூத்துக்கணக்கான ஹாஜிங்கள உள்ள வச்சே கொளுத்தினான். எங்க ஆளுங்க சும்மா விடல, குஞ்சாலி மரைக்காயர்ங்க மலபார் கடல்ல பல வருஷம் அவங்கள தூங்க விடாம அடிச்சாங்க, கடைசில சாமூத்திரியும் போர்ச்சுகீசியனும் கை கோத்ததுல நாலாவது குஞ்சாலி மாட்டி, 1600-ல கோவா கொண்டு போய் கொன்னாங்க. இதெல்லாம் புகழ்ங்கற பாயின்ட்டுக்குள்ள வராது, தனியா எழுது.


கேள்விக்குறி:

பாய் கல்வெட்டு ஓகே. ஆனா வியாபாரிங்க போனாங்க, அரசாங்கம் பின்னாடி நிக்கல, அதுதான் என் கேள்வி. ஏன் நிக்கல?


ரிட்டயர்டு_வாத்தியார்:

அரசாங்கம் நிக்கறதோட போட்டியும் வேணும் தம்பி. ஐரோப்பால பக்கத்து பக்கத்துல ஏழெட்டு ராஜா, ஒருத்தன் விட்டா இன்னொருத்தன் புடிப்பான். கொலம்பஸ போர்ச்சுகல் வேண்டாம்னுது, அவன் ஸ்பெயின் போய் கதவ தட்டினான். 1494-ல தோர்தெசிலாஸ்ங்கற ஊர்ல ஸ்பெயினும் போர்ச்சுகலும் உக்காந்து உலகத்தையே கோடு போட்டு பிரிச்சுக்கிட்டாங்க, அங்க இருக்கறவன யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கப்புறம் வந்த இங்கிலீஷ்காரனும் டச்சுக்காரனும் இந்தக் கோடு எங்களுக்கு செல்லாதுன்னுட்டு 1600-லயும் 1602-லயும் கம்பெனி ஆரம்பிச்சாங்க. பங்கு போட்டு பணம் சேர்க்கற கம்பெனி, ஒரு கப்பல் முழுகினா ஒரு குடும்பம் முழுகாது, நஷ்டம் நூறு பேருக்கு பிரியும். அதுவும் சாதா கம்பெனி இல்ல, சண்டை போடலாம், கோட்டை கட்டலாம், ஒப்பந்தம் போடலாம்னு அரசாங்கமே சாசனம் குடுத்த கம்பெனி. நம்ம ஐநூற்றுவர்கிட்ட ஆள் இருந்துச்சு, பணம் இருந்துச்சு, காவலுக்கு கூலிப்படையும் இருந்துச்சு, இந்த மாதிரி ஒரு சாசனம் இல்ல.


தறிக்காரன்_பேரன்:

சார் மேல பேசின்ல விட்ட எடத்துலேர்ந்து நான் சொல்றேன், இது எங்க குடும்பத் தொழில். தாத்தா திருவள்ளூர் ஜில்லால தறி ஓட்டினவர், நான் ஏற்றுமதி கணக்கு பாக்கறேன்.

எல்லாரும் மிளகு மிளகுன்னு பேசறாங்க, ஆனா மெட்ராஸ் மிளகால வந்த ஊரு இல்ல, துணியால வந்த ஊரு. யோசிச்சுப் பாருங்க, 1639-ல பிரான்சிஸ் டே இந்த மணல்ல வந்து நின்னப்ப இங்க என்ன இருந்துச்சு? துறைமுகம் கிடையாது, கப்பல் தள்ளி நங்கூரம் போட்டுட்டு மசூலா படகுல, அதான் கயிறால தச்ச படகு, அலையோட அல்லாடி சாமான் இறக்கணும், பாதி நனையும். கொஞ்சம் தெக்க சாந்தோம்ல போர்ச்சுகீசியன் இருக்கான், வடக்க பழவேற்காட்டுல டச்சுக்காரன் 1613-லயே கோட்டை கட்டிட்டான். அப்புறம் எதுக்கு இங்க? சுத்துப்பட்டுல நெசவு நல்லா இருந்துச்சு, துணி மத்த எடத்தவிட விலை கம்மின்னு அவரே கணக்கு அனுப்பினார். தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் 1639 ஆகஸ்ட் 22-ல எடம் குடுத்தார், நாம மெட்ராஸ் டேன்னு கொண்டாடற தேதி அதுதான்.

சரி, துணி எதுக்கு? இந்தோனேசியால கிராம்பு, ஜாதிக்காய் விளையற தீவுல போய் இங்கிலாந்து கம்பளிய காட்டினா அந்த வெயில்ல எவன் வாங்குவான். அவங்களுக்கு சோழமண்டலக் கரை துணிதான் வேணும், பல தலைமுறையா அதத்தான் வாங்கிட்டிருந்தாங்க. அப்ப மசாலா வேணும்னா மொதல்ல இங்க வந்து துணி வாங்கணும். நம்ம நெசவாளியும் கம்பளிக்கு மசியல, வெள்ளியக் குடு தங்கத்தக் குடுன்னான். அந்த வெள்ளிக்கு ஐரோப்பாக்காரன் எங்க போனான்? 1545-ல இன்னிக்கு பொலிவியால இருக்கற பொட்டோசி மலைல வெள்ளி கிடைச்சுது, ஸ்பெயின்காரன் ஊருக்கு இத்தன ஆம்பளைன்னு கட்டாயமா புடிச்சுட்டுப் போய் சுரங்கத்துக்குள்ள இறக்கினான், எத்தனையோ ஜனம் அதுலயே செத்துச்சு. அந்த வெள்ளிதான் செவில், ஆம்ஸ்டர்டாம், லண்டன்னு சுத்தி கப்பல்ல இங்க வந்துச்சு. கம்பெனி கப்பல் இங்கிலாந்துலேர்ந்து கொண்டு வந்த சரக்குல மதிப்புல பெரும்பகுதி வெறும் வெள்ளிதான். கோட்டைக்குள்ள நாணயச்சாலை வச்சு உருக்கி நம்மூர் காசா அடிச்சாங்க, அது பின்னாடி மாறின எடம்தான் தங்கசாலை. கொலம்பஸும் காமாவும் தனித்தனி சாப்டர்னு உங்க கைடு பிரிச்சு வச்சிருக்கும், கணக்கு நோட்டுல பாத்தா ரெண்டும் ஒரே பக்கம்.

இன்னொரு பக்கம் ஆப்பிரிக்கா. கினி கிளாத்னு ஒரு ரகம், நீலச் சாயம் போட்டது, கட்டம் கோடு போட்டது, இங்கேர்ந்து லண்டன் போய் அங்கேர்ந்து மேற்கு ஆப்பிரிக்கா போய் அங்க மனுஷங்கள வாங்கறதுக்கு விலையா எண்ணிக் குடுத்திருக்காங்க. அட்லாண்டிக்க தாண்ட கப்பல்ல ஏத்தினது சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர், அதுல கிட்டத்தட்ட பதினெட்டு லட்சம் பேர் கரையே சேரல. அதுக்கு குடுத்த விலைல ஒரு பங்கு நம்ம பக்கத்து தறில நெஞ்ச துணி. நெஞ்சவனுக்கு இது எங்க போகுதுன்னே தெரிஞ்சிருக்காது, கூலி வந்தா போதும். பாண்டிச்சேரி நீலத்துணிய பிரெஞ்சுக்காரன் செனகல்ல பிசின் வாங்க யூஸ் பண்ணான். இன்னிக்கும் நைஜீரியால கலபாரி ஆளுங்க கல்யாணம் சாவு ரெண்டுக்கும் நம்ம மெட்ராஸ் செக் துணிதான் எடுப்பாங்க, நைஜீரியால இந்த மாதிரி துணிய ஜார்ஜ்னு சொல்றது நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேர்லதான்னு சொல்வாங்க. மார்டினிக், செயின்ட் லூசியா பக்கம் பொம்பளைங்க தலைல கட்டற துணிக்கு பேரே மெட்ராஸ்.

ஊருக்குள்ள தடயம் வேணும்னா ஏகப்பட்டது இருக்கு. வண்ணாரப்பேட்டை துணி வெளுக்கறவங்களுக்கு, சிந்தாதிரிப்பேட்டை 1734-ல நெசவாளி, நூல் நூக்கறவங்கள குடி வைக்கறதுக்கு, திருவொற்றியூர் பக்கம் காலடிப்பேட்டை கவர்னர் காலெட் பேர்ல நெசவாளிகளுக்கு. எலிஹு யேல்னு ஒரு கவர்னர், 1687-லேர்ந்து 92 வரைக்கும், சொந்த வியாபாரத்துல செமையா சம்பாதிச்சார்னு புகார் வந்து பதவி போச்சு, அந்த ஆளு 1718-ல அமெரிக்கால ஒரு காலேஜுக்கு ஒம்பது மூட்டை சரக்கும் புத்தகமும் அனுப்பினார், சரக்க வித்த காசுல கட்டடம், அதான் யேல் யுனிவர்சிட்டி. அவரோட சின்னப் பையன் கல்லறை பழைய லா காலேஜ் வளாகத்துல இருக்கு.

கடைசியா, இது முக்கியம். இந்த ஆட்டத்துல ரொம்ப நாள் நம்ம கைதான் ஓங்கி இருந்துச்சு. நம்ம துணி லண்டன்ல அப்படி ஓடுச்சு, அங்கத்து நெசவாளிங்க 1719-ல கலாட்டா பண்ணி ரோட்டுல போற பொம்பளைங்க உடம்புல இருந்த காலிக்கோவ, அதான் நம்ம நாட்டு பருத்தித் துணிய, கிழிச்சாங்க. அச்சடிச்ச துணிக்கு 1700-ல ஒரு சட்டம் போட்டு தடை, பத்தலன்னு 1721-ல இன்னொண்ணு. அந்த தடைக்குப் பின்னாடி பாதுகாப்பா வளந்ததுதான் அவங்க பருத்தி மில்லு. எப்ப தலைகீழாச்சுன்னா 1765-ல வங்காள வரி வசூல் உரிமை கம்பெனிக்கு கிடைச்சப்ப. அதுக்கப்புறம் அங்க துணி வாங்க வெள்ளி கொண்டு வர வேண்டிய அவசியமே குறைஞ்சு போச்சு, நம்மகிட்ட வாங்கின வரில நம்மகிட்டயே துணி வாங்கி ஏத்தி விட்டான். இங்கயும் ஆற்காடு நவாப் 1763-ல செங்கல்பட்ட ஜாகீரா, அதாவது வரி வசூல் பண்ணிக்கற உரிமையோட, எழுதிக் குடுத்துட்டார். வியாபாரி ராஜா ஆன கதை இதான், மிளகு பாட்டுக்கு ஒரு ஓரமா கிடக்கு.


ராயபுரம்_எக்ஸ்பிரஸ்:

எல்லாம் சரி, ஆனா ஒரேடியா வில்லன் ஆக்காதீங்கப்பா. அவன் வரலன்னா மெட்ராஸ்ங்கற ஊரே இல்ல, இங்க மீன் புடிச்சுட்டிருப்போம். ராயபுரம் ஸ்டேஷன் 1856, தென்னிந்தியால மொத ரயில். தமிழ்ல மொதல்ல புத்தகம் அச்சடிச்சதே அவன்தான், 1578-ல கொல்லத்துல. மிளகாய், தக்காளி, உருளை, வேர்க்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி எல்லாம் அமெரிக்காலேர்ந்து அந்த கப்பல்லதான் உலகம் பூரா போச்சு. விளைவுன்னா ரெண்டு பக்கமும் எழுதணும்.


தறிக்காரன்_பேரன்:

அச்சு, மிளகாய் ரெண்டும் கண்டிப்பா எழுதலாம், ஆட்சேபணையே இல்ல. ரயிலுக்கு மட்டும் பில்லு யார் கட்டினாங்கன்னு சேர்த்து எழுதச் சொல்லுங்க. லண்டன்ல பங்கு வாங்கினவனுக்கு வருஷம் 5 சதவீதம் வட்டி உறுதி, ரயில் லாபத்துல ஓடலன்னா குறையற தொகை இந்திய வரிப்பணத்துலேர்ந்து போகும். அந்த ரயில் இருந்தும்தான் 1876-லேர்ந்து 78 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல லட்சக்கணக்குல ஜனம் பட்டினில செத்துச்சு, விலை எங்க அதிகமோ அங்க தானியம் ஓடுச்சு, நாட்டுலேர்ந்து வெளிய ஏற்றுமதியும் நிக்கல. நிவாரண வேலைல கூலிய நாளைக்கு ஒரு பவுண்டு தானியமா குறைச்சவர் ரிச்சர்ட் டெம்பிள்ங்கற வெள்ளைக்கார அதிகாரி, கூட ஒரு அணாவோ என்னமோ குடுத்தாங்க, நாள் பூரா மண்ணு வெட்டற ஆளுக்கு அது எம்மாத்திரம். அப்ப வெட்டினதுதான் அடையாறையும் கூவத்தையும் சேக்கற பக்கிங்ஹாம் கால்வாய் பகுதி. இப்ப பறக்கும் ரயில் அது மேலதான் போகுது, ஜன்னல்ல மூக்க பொத்திட்டு பாக்கறோமே அதேதான். கவர்னர் பேரு வச்சாச்சு, வெட்டினவங்க பேரு ஒண்ணு கூட இல்ல.


ராயபுரம்_எக்ஸ்பிரஸ்:

பஞ்சம் அதுக்கு முன்னாடியும் வந்திருக்கு ப்ரோ. ராஜா காலத்துல கணக்கே எழுதி வைக்கல, அதனால கம்மியா தெரியுது.


தறிக்காரன்_பேரன்:

வந்திருக்கு, யார் இல்லன்னா. மழை பொய்க்கறது ஒண்ணு, தானியம் ஊர்ல இருக்கும்போதே விலை ஏறி ஜனம் சாகறது இன்னொண்ணு, அத தடுக்கறது சந்தைல தலையிடறதுன்னு கொள்கையா சொன்ன அரசாங்கம் இன்னொண்ணு. நான் சொன்னது மூணாவது.


ஈவினிங்_காலேஜ்_பொண்ணு:

ஐயோ ரொம்ப நன்றி எல்லாருக்கும், லஞ்ச் பிரேக்ல படிச்சு முடிக்கவே முடியல. வெள்ளி அமெரிக்காலேர்ந்து இங்க வந்த கதைய எங்க புக்ல ஒரு வரி கூட போடல. இன்னொரு டவுட்டு, இத்தன கம்மி ஆளுங்கள வச்சு எப்படி இவ்ளோ பெரிய நாடுங்கள புடிச்சாங்க? துப்பாக்கின்னு மட்டும் எழுதினா போதுமா?


ரிட்டயர்டு_வாத்தியார்:

போதாதும்மா. அமெரிக்காவும் இந்தியாவும் வேற வேற கதை, அத கலக்காம எழுது. மெக்சிகோல கோர்டெஸ் கூட வந்த ஸ்பானிஷ்காரங்க சில நூறு பேர்தான், ஆனா அஸ்டெக் ராஜ்யத்து மேல காண்டுல இருந்த த்லாஸ்கலா ஜனங்க ஆயிரக்கணக்குல அவன் பக்கம் நின்னாங்க. அதோட 1520-ல பெரியம்மை உள்ள நுழைஞ்சுது, அந்தக் கண்டத்துல அதுக்கு முன்னாடி அந்த நோயே கிடையாது, யார் உடம்புலயும் எதிர்ப்பு இல்ல. 1521-ல தலைநகர் விழுந்தப்ப பாதி வேலைய அம்மை முடிச்சிருந்துச்சு. அடுத்த நூறு வருஷத்துல மெக்சிகோல பத்துல ஒம்பது பங்கு ஜனம் அழிஞ்சிருக்கும்னு கூட கணக்கு சொல்றவங்க இருக்காங்க. ஆள் இல்லாத நிலத்துல கரும்பு போட வேலைக்கு ஆள் வேணும்னுதான் ஆப்பிரிக்காலேர்ந்து கொண்டு போறது அப்படி பெருகிச்சு.

நம்ம பக்கம் அது நடக்கல, அம்மையும் காலராவும் நமக்கு பழகினது, இங்க வந்து செத்தது பூரா அவங்கதான். அதனால ரொம்ப காலம் கோட்டைக்குள்ளயே இருந்தாங்க, நாயக்கர்கிட்டயும் நவாப்கிட்டயும் கை கட்டி நின்னாங்க. நிலைமை மாறினது எங்கன்னா நம்ம அடையாறு கரைல. 1746-ல பிரெஞ்சுக்காரன் மெட்ராஸ புடிச்சுட்டான், நவாப் பையன் மஃபூஸ் கான் பத்தாயிரம் பேரோட திருப்பி வாங்க வந்தார், பாரடிஸ்னு ஒரு கேப்டன் ஆயிரத்துக்கும் கம்மியான ஆளுங்கள வச்சு ஆத்தத் தாண்டி வந்து வரிசையா நின்னு சுட்டே விரட்டிட்டான். அந்த ஆயிரத்துல பெரும்பாலானவங்க நம்ம நாட்டு சிப்பாய்ங்கதான், ட்ரில் குடுத்து மாசாமாசம் சம்பளம் குடுத்தவங்க. நவாப் படைல சம்பளம் எப்ப வரும்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அன்னிக்குத்தான் இங்கிலீஷ், பிரெஞ்சு ரெண்டு கம்பெனிக்கும் புரிஞ்சுது, இந்த ஊர் ஆளுங்கள வச்சே இந்த ஊர புடிக்கலாம், அதுக்கு காசு மட்டும் தொடர்ந்து வந்தா போதும்னு. அந்தக் காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தறிக்காரர் மேல சொல்லிட்டார்.


கேள்விக்குறி:

இதுல ஆளுங்க ஏற்றுமதிய விட்டுட்டீங்க. அடிமை முறைய 1833-ல சட்டம் போட்டு நிறுத்தினதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் எங்கன்னு பாத்து இங்க வந்தாங்க. 1860-ல ட்ரூரோங்கற கப்பல் மெட்ராஸ்லேர்ந்து கிளம்பி நவம்பர் 16-ல டர்பன் போய் சேர்ந்துச்சு, 342 பேர், அஞ்சு வருஷ ஒப்பந்தம். எங்க பாட்டியோட வழில யாரோ மொரிஷியஸ் போய் அப்புறம் பேச்சே இல்லன்னு வீட்டுல சொல்வாங்க. சிலோன் டீ, மலேயா ரப்பர் எல்லாத்துலயும் நம்மாளுங்க. அந்த ரப்பரே பிரேசில்லேர்ந்து 1876-ல விதைய எடுத்துட்டு வந்து லண்டன் க்யூ தோட்டத்துல முளைக்க வச்சு ஆசியாவுக்கு அனுப்பினது. விதை ஒரு கண்டம், ஆளு ஒரு கண்டம், லாபம் ஒரு கண்டம்.


மண்ணடி_பாய்:

கரெக்ட். ஆனா 1860-ல ஆரம்பிச்சதுன்னு நினைச்சுடாதீங்க. பழவேற்காட்டுலேர்ந்து டச்சுக்காரன் 1600-கள்லயே இந்தக் கரை ஜனங்கள அடிமையா வாங்கி படேவியாவுக்கு ஏத்தியிருக்கான், அதான் இன்னிக்கு ஜகார்த்தா. பஞ்சம் வந்த வருஷம், படை வந்து ஊர சூறையாடின வருஷம் இதெல்லாம் அவனுக்கு நல்ல சீசன், குழந்தைங்கள வித்துட்டு சோறு வாங்கின அப்பன் ஆத்தா உண்டு. வாங்கிக் குடுத்த தரகர்ல நம்மாளுங்களும் உண்டு, அதையும் மறைக்காம எழுது. ஏத்தினவங்கள என்ன பண்ணான்னா, 1621-ல பாண்டா தீவுல ஜாதிக்காய்க்காக கூன்ங்கற கவர்னர் அந்தத் தீவு ஜனத்த கிட்டத்தட்ட மொத்தமா அழிச்சுட்டான், காலியான தோட்டத்துக்கு அடிமைங்க வேணும், அதுக்கு பல கரைலேர்ந்தும் ஆள் போச்சு.


ஈவினிங்_காலேஜ்_பொண்ணு:

பாய் பழவேற்காட்டுல இப்ப பாக்க ஏதாவது மிச்சம் இருக்கா? ஞாயித்துக்கிழமை போலாம்னு பாக்கறேன், தம்பி போட்டோ எடுத்துக் குடுப்பான், அசைன்மென்ட்ல ஒட்டலாம்.


மண்ணடி_பாய்:

கோட்டைன்னு தேடாத தங்கச்சி, மேடும் புதருமாத்தான் இருக்கும். டச்சுக் கல்லறைத் தோட்டம் நல்லா இருக்கு, தொல்லியல் துறை கைல, வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருப்பான், உள்ள 1600-கள்ல செத்தவங்க கல்லுங்க, கோட்டைப் படம் செதுக்கின கல்லும் ஒண்ணு இருக்கு, அத எடு. கவர்னர், வியாபாரின்னு பேரு போட்ட ஆளுங்கதான் அங்க இருப்பாங்க, கப்பல்ல ஏத்தின ஜனத்துக்கு கல்லு எதுவும் தேடாத. சென்ட்ரல்லேர்ந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் புடிச்சு பொன்னேரில இறங்கு, அங்கேர்ந்து பஸ் இருக்கு, ஷேர் ஆட்டோ வேண்டாம், புது ஆளுன்னு தெரிஞ்சா டபுள் கேப்பான். காலைலயே கிளம்பிடு, தண்ணி பாட்டில் எடுத்துக்க.